தலைப்பு வைத்த விருந்து



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்த அவருடைய மகள், தோழிமாரை வீட்டுக்கு அழைத்து 'தீம்' வைத்து இரவு விருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். ஒரு நாளைக்கு அரபு விருந்து, இன்னொரு நாளைக்குச் சீன விருந்து. அதற்கேற்ற விரிப்பு, விளக்கு, உடுப்பு. "இது வீண்விரயத்தில் சேராதா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் மகளிடம் காட்டுவேன்" என்று முடித்திருந்தார்.

கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மௌலவியின் எழுத்தைக் காட்டி மகளைத் தடுத்துவிடலாம் என்பது தாயின் எண்ணம். மன்னிக்க வேண்டும் சகோதரி, இன்றைக்கு நான் மகளின் பக்கம்தான் அதிகம் சாயப் போகிறேன். ஏனென்றால் இந்தத் 'தீம்' என் வீட்டுக் குசினிக்குள்ளேயே மூன்று வருடங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. நாங்கள் அதைத் 'தலைப்பு' என்கிறோம். அதைப் பற்றி ஆரம்பத்தில் நான் கொண்டிருந்த எண்ணம் தவறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் புத்தளம் பகுதியில் இருக்கிறோம். என் மனைவிக்கு நெருங்கிய தோழிகள் ஐந்து பேர். ஒருவர் ஆசிரியை. ஒருவருடைய கணவர் கட்டாரில் வேலை. ஒருவர் இரும்புக் கடை முதலாளியின் வீட்டம்மா. ஒருவருடைய தாயார் மலாய்க் குடும்பம். ஒருவர் வீட்டிலிருந்து தையல் தைப்பவர். முன்பெல்லாம் மாதம் ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு என்று முறை வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் நெய்ச்சோறும் ஒரு கோழி ஆணமுமாக இருந்தது. பிறகு ஒருவர் புரியாணி போட்டார். அடுத்தவர் புரியாணியோடு ஆட்டிறைச்சியும் வைத்தார். அதற்கடுத்தவர் வட்டிலப்பத்துக்கு மேலே ஐஸ்கிரீமும் சேர்த்தார். யாரும் யாரையும் போட்டிக்கு அழைக்கவில்லை. ஆனால் போன மாதம் வாங்கிய விருந்துக்குக் குறையாமல் இந்த மாதம் கொடுக்க வேண்டும் என்ற ஒரு கடன் ஒவ்வொருவர் மனதிலும் ஏறிக்கொண்டே போனது.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற அந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விருந்துகள் நின்றுபோயின. அது நியாயம்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒரு வெறும் தேத்தண்ணிக்குக் கூட இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடவில்லை. ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஆறு பெண்கள் எட்டு மாதமாக ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்கவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாததனால் அல்ல. முன்பு கொடுத்த அளவுக்குக் கொடுக்க முடியாததனால்!

ஸல்மானுல் பாரிஸீ (ரலி) அவர்களின் சம்பவம் ஒன்று ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. ஹாகிம், தபரானி போன்றோர் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர்கள் ரொட்டியும் உப்பும் வைத்தார்கள். விருந்தாளிக்காகச் சக்திக்கு மீறிச் சிரமப்படுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் உங்களுக்காகச் சிரமப்பட்டிருப்பேன் என்றும் சொன்னார்கள். வந்தவரில் ஒருவர், இந்த உப்போடு கொஞ்சம் ஸஃதர் இலை இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) அவர்கள் தாம் வுளூச் செய்யும் பாத்திரத்தைக் கடையில் அடகு வைத்து அந்த இலையை வாங்கி வரச் செய்தார்கள். சாப்பிட்டு முடித்த விருந்தாளி, கிடைத்ததைக் கொண்டு போதுமாக்கிக்கொள்ளும் மனதைத் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அதற்கு ஸல்மான் (ரலி) அவர்களின் பதில்: நீர் போதுமாக்கிக்கொண்டிருந்தால் என் பாத்திரம் அடகுக் கடையில் இருந்திராது!

மத்ரஸாவில் இதைப் படித்துக் கொடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் வீட்டில் எத்தனை பாத்திரம் அப்படிப் போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்தது அந்த வருடம்தான்.

முதல் தலைப்பை என் மனைவிதான் வைத்தார். 2022 முடிகிற நேரம். "மரவள்ளி ராத்திரி" என்று ஐந்து பேருக்கும் செய்தி அனுப்பினார். மரவள்ளியைத் தவிர வேறொன்றும் இருக்காது என்றும் எழுதியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரும்புக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மரவள்ளிக் கிழங்கா வைப்பது என்று கேட்டேன். "இங்க பாருங்க, கிழங்கு மட்டும் வெச்சா அது இல்லாமை. கிழங்கு ராத்திரி எண்டு சொல்லி வெச்சா அது விருந்து" என்றார். மூன்று வருடமாக நான் யோசித்துப் பார்க்கிறேன். தலைப்பு விருந்தைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று அவித்த மரவள்ளி, துருவிய தேங்காய், கட்டைச் சம்பல், நெத்தலிப் பொரியல், அவ்வளவுதான். கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும், கூடவே இஞ்சித் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்பது நம் மூத்தம்மாமார் சொல்லி வந்தது. இஞ்சி விஷயம் எப்படியோ தெரியாது. பச்சைக் கிழங்கில் நச்சுச் சத்து இருப்பதும், நன்றாக அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதும் உண்மை. கிழங்கை வைத்துக்கொண்டு அவர்கள் கதைத்தது 1970களின் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தை. அவரவர் உம்மா, வாப்பா சொன்னது, பாண் வரிசை, கூப்பன் கடை, ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு வேளை கிழங்கு. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்களாம். பதினொரு மணி வரைக்கும் சிரிப்புச் சத்தம் நிற்கவில்லை என்று பக்கத்து வீட்டுக் காக்கா அடுத்த நாள் சுபஹுக்குப் பள்ளியில் வைத்து எனக்கு முறைப்பாடு சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தலைப்பு யோசிக்கத் தொடங்கினார்கள்.

மலாய்த் தாயாருடைய மகளின் முறைக்குப் பிட்டும் பாபத்தும் வந்தது. பாபத் என்பது மாட்டுக் குடல் ஆணம். கொழும்பு கொம்பனித்தெருப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. துப்புரவு செய்வதில்தான் வேலை இருக்கிறது. சுண்ணாம்பு தடவிச் சுரண்டி, பல தண்ணீர் மாற்றிக் கழுவி, மெதுவாக வேகவைக்க வேண்டும். இறைச்சியைவிட விலை குறைவு. கூடவே மலாய் அச்சாறு: சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, வினாகிரி. வினாகிரி என்றதும் எனக்கு ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டு, வினாகிரி மட்டும்தான் என்றதும் அதையே வரவழைத்துப் புகழ்ந்து சாப்பிட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வீட்டில் இருந்த ஒரே பொருளுக்கு இப்படி ஒரு மரியாதை!

அந்த இரவில் அந்தச் சகோதரி, ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் கொண்டுவரப்பட்ட தம் முன்னோரைப் பற்றிச் சொன்னார். 1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வெளிவந்ததை நான் முதல் நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நம் அரபுத்தமிழ் போல அது அவர்களுடைய ஜாவி. விருந்தில் என் பங்கு அவ்வளவுதான்.

இனிப்புக்கு வட்டிலப்பம். இதுவும் மலாய் மக்கள் வழியாக நமக்கு வந்தது என்றே சொல்லப்படுகிறது. பத்து முட்டை, அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, இரண்டு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய். கருப்பட்டியைப் பாலில் கரைத்து வடித்து, முட்டையை நுரை பொங்க அடிக்காமல் மெதுவாகக் கலந்து, மேலே மூடி முக்கால் மணித்தியாலம் ஆவியில் வைத்தால் போதும். முதல் நாளே செய்துவிடலாம். அதுதான் இதில் பெரிய வசதி.

ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் விருந்து கொடுக்கும் பெண் விருந்தில் இருப்பதில்லை. அவர் குசினியில் இருக்கிறார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியதை நின்றபடியே சாப்பிடுகிறார். இந்த ஆறு பேரும் ஒரு விதி போட்டார்கள். நம் கல்யாண வீடுகளில் ஒரு சஹனுக்கு ஆறு பேர் அல்லவா? இவர்களும் ஆறு பேர். ஆகவே வீட்டுக்காரியும் சஹனில் அமர்ந்தால்தான் பிஸ்மி சொல்லிக் கைவைப்பது. அவர் எழுந்து ஓடினால் எல்லோரும் கையை எடுத்துவிடுவது. இந்த ஒரு விதியே சமையலைப் பாதியாகக் குறைத்துவிட்டது. சூடாகப் பொரித்துப் பொரித்துக் கொண்டுவர வேண்டிய பட்சணங்கள் எல்லாம் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன.

எல்லாத் தலைப்பும் நன்றாக அமைந்தது என்று சொன்னால் பொய். இரும்புக் கடை வீட்டில் "குர்ஆனில் வரும் கனிகள்" என்று ஒரு இரவு நடந்தது. கேட்டதும் நான்தான் மிகவும் சந்தோஷப்பட்டேன். பேரீச்சம்பழம், அத்தி, ஸைத்தூன், மாதுளை, திராட்சை. நல்ல நிய்யத்தில்தான் செய்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் இறக்குமதிப் பொருள். போத்தலில் வந்த ஸைத்தூன் காயை எடுத்து வாயில் வைத்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். அந்த உப்பும் கசப்பும் நம் நாக்குக்குப் பழக்கமில்லை. மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று வீட்டுக்குப் பங்கு போனது. எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. பூனை கூட மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த மாதம் முறை வந்த ஆசிரியைக்குக் 'காய்ச்சல்'. காய்ச்சல் இல்லை என்பது ஆறு பேருக்கும் தெரியும்.

அதிலிருந்து இன்னொரு விதி வந்தது. தலைப்பு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் நம்மில் கையில் மிகவும் குறைவாக உள்ளவர் அடுத்த மாதம் அதே தலைப்பை எடுத்தாலும் கடன் வாங்காமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெரிய சாப்பாடு, ஒரு தொட்டுக்கொள்வது, ஒரு இனிப்பு. மூன்றுக்கு மேல் இல்லை. ஒருவரும் கையில் பரிசு கொண்டுவரக் கூடாது.

இந்த விதியை அவர்கள் யாருக்காகப் போட்டார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. தையல் தைக்கும் சகோதரிக்காகத்தான். பழைய விருந்துக் காலத்திலும் சரி, தலைப்பு விருந்து தொடங்கிய பிறகும் சரி, அவர் முறை வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்பார். மாமிக்குச் சுகமில்லை என்பார். மற்றவர் வீட்டுக்கு வரும்போது மட்டும் தவறாமல் ஒரு சிறு பொட்டலம் கொண்டுவருவார். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று மற்றவர்களும் அவருடைய முறையைத் தாண்டிவிடுவார்கள். அப்படித் தாண்டுவது மரியாதை என்று நினைத்தோம். தாண்டப்படுபவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன அந்த நாளில் அவர் சிறு பிள்ளை. அகதி முகாமில் வளர்ந்து, புத்தளத்திலேயே கல்யாணம் முடித்து, இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். கதிரை மூன்றுதான்.

ஆசிரியைச் சகோதரி ஒரு தலைப்புச் சொன்னார்: "உம்மாட சட்டி". அதாவது அவரவர் உம்மா சமைத்த ஒன்றே ஒன்று, ஒரே சட்டியில். இனிப்பும் வேண்டாம், தொட்டுக்கொள்வதும் வேண்டாம். வேண்டுமென்றே அந்தத் தலைப்பைத் தையல் சகோதரியின் முறையில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எல்லாரும் வாங்கோ. ஆனா பாயிலதான் இருக்கோணும்" என்றாராம்.

அவர் காய்ச்சியது ஒடியல் கூழ். பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில்தான் இந்தக் கூழ். கற்பிட்டிப் பக்கம் பனை இருந்தாலும் எங்கள் பகுதியில் அவ்வளவு பழக்கமில்லாத சாப்பாடு. ஊருக்குத் திரும்பிப் போயிருக்கும் உறவுக்காரர் ஒருவர் மூலம் மாவை வரவழைத்திருந்தார். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும். பெரிய சட்டியில் ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, மீன், இறால் எல்லாம் அவிந்து வரும்போது, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டும் பழப்புளியும் விட்டு, கடைசியாக ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். அப்போதுதான் கூழ் தடிக்கும். யாழ்ப்பாணத்தில் நண்டும் போடுவார்கள். நண்டைப் பற்றி நம் ஷாபிஈ மத்ஹபு நூல்களில் பேச்சு இருப்பதால் அவர் போடவில்லை. அது இன்னொரு மாதத்துக்கான விஷயம்.

கூழைக் கோப்பையில் ஊற்றவில்லை. பலா இலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குக் குத்தி ஆறு பேருக்கும் கொடுத்தார். அந்த இலையில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் நிற்கும். குடித்து முடித்து மீண்டும் நீட்ட வேண்டும். ஆகவே எல்லோரும் சட்டியைச் சுற்றித்தான் இருக்க முடியும். இரும்புக் கடை வீட்டுச் சகோதரி ஏழு தரம் இலையை நீட்டினாராம். காரத்தில் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர்.

நடுவில் யாரோ, "ராத்தா, இது உங்கட உம்மா சொல்லித் தந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் அவர் சொன்னார். உம்மா சொல்லித் தரவில்லை. அன்று அடுப்பில் இருந்தது இந்தக் கூழ்தானாம். அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் உம்மா கதவைச் சாத்தினாராம். முகாமுக்கு வந்த பிறகு மௌத்தாகும் வரையில் உம்மா கூழ் காய்ச்சவே இல்லை. நாக்கில் இருந்த ருசியை வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் நாலு தரம் தனியாகக் காய்ச்சிப் பார்த்து, நாலாம் தரம்தான் சரியாக வந்ததாம். இருபது வருடத்துக்கு மேலான பழக்கத்தில் இந்த ஐந்து பேரும் அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

என் மனைவி அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வெள்ளையடிக்கவே இல்லையாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கு. உங்கள் மகள் அரபு விருந்து வைக்கட்டும், சீன விருந்தும் வைக்கட்டும். இரண்டும் கூடாத காரியமல்ல. சீனச் சமையலுக்கான போத்தல் சாமான்களில் மட்டும் கவனம் தேவை. அரிசி வைன் சேர்ந்தவை உண்டு, ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விளக்கு, விரிப்பு என்று புதிதாகக் காசு போட வேண்டாம். என் மனைவி மரவள்ளி ராத்திரிக்கு விரித்தது வாழையிலை. உடுப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பெண்கள் மட்டும் கூடும் இடம், அவர்கள் விருப்பம். கைபேசியில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதைத்தான் நான் விரும்பவில்லை. சஹனைப் படத்தில் பார்த்து ஏங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. முகம் மறைக்கிற சகோதரியும் அந்தப் படத்தில் விழுந்துவிடக்கூடும்.

நேரம் ஒரு முக்கிய விஷயம். மஃரிபுக்குப் பிறகு கூடி, இஷாவை அங்கேயே தொழுது, பிறகு சாப்பிட்டு எழுந்துவிடுவது நல்லது. சாப்பிட்டு முடித்ததும் பேச்சில் மூழ்கி உட்கார்ந்திராமல் கலைந்துவிட வேண்டும் என்று அஹ்ஸாப் அத்தியாயத்தில் வருவது நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றித்தான். ஆனாலும் அடுத்த நாள் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் அது பொருந்தும். பதினொரு மணி என்பது எங்கள் வீட்டில் நடந்த தவறு. பக்கத்து வீட்டுக் காக்காவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

மகளிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அவளுடைய தோழிமாரில் முறையைத் தட்டிக் கழித்துக்கொண்டே இருப்பவள் யார்? முதல் தலைப்பை அவளிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு முறை வருகிற மாதம் வருகிறது. தலைப்பு என்னவென்று எனக்குச் சொல்லப்படவில்லை. நல்ல அகலமான பலா இலை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைக்கும்படியும், அன்று இஷாத் தொழுது முடித்ததும் உடனே வீட்டுக்கு வந்துவிடாமல் பள்ளியிலேயே ஏதாவது கிதாபு பார்த்துக்கொண்டிருக்கும்படியும் உத்தரவாகியிருக்கிறது.